ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

பிறந்தநாளைக்குச் சும்மா கிடைக்கிறவற்றில் நல்லவை எதுவும் மெர்சிங்கில் கிடைக்காது. எங்கள் ஊர் தியோமான் தீவுக்குப் படகேறுகிற ஊர். ஆற்றுமுகத்தில் நீர் வற்றினால் படகு கிளம்பாது. வருகிறவர்கள் நீரேற்றம் பார்த்து வருவார்கள், காத்திருக்கும் நேரத்தில் நாசி லெமாக் சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். அவர்களுடைய பிறந்தநாளைப் பற்றி இங்கே யாருக்கும் அக்கறை இல்லை.

அதனால் என் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு நாங்கள் நான்கு பேர் பேருந்தேறி, 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜொகூர் பாருவுக்குப் போனோம். ஒரு மாதம் முன்பிருந்தே தயாரிப்பு. இந்த வேட்டைக்கு இறங்கியவர்களுக்குச் சட்டதிட்டங்கள் தெரிந்திருக்கும். சில கடைகளில் பிறந்தநாளுக்கு முன்பே உறுப்பினராகியிருக்க வேண்டும். அன்றைக்குப் பதிந்தால் அடுத்த வருஷம்தான். சில இடங்களில் பிறந்த மாதம் முழுக்கச் செல்லும், சில இடங்களில் அந்த ஒரு நாள் மட்டும். ‘நால்வர் சாப்பிட்டால் ஒருவருக்கு இலவசம்’ என்பது பெரிய உணவகங்களின் வழக்கம், ஏனென்றால் பிறந்தநாளன்று யாரும் தனியாகச் சாப்பிட வரமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: அசல் ஐசியைக் காட்ட வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது.

ஒரு ஐஸ்கிரீம், ஒரு காப்பி, ஒரு துண்டு கேக், ஒரு இரவு உணவு. திரும்பி வரும் பேருந்தில் கணக்குப் போட்டோம். சும்மா கிடைத்தது எழுபது வெள்ளி. அதற்காக நாங்கள் நான்கு பேரும் செலவழித்தது இருநூற்றுச் சொச்சம். இருந்தாலும் வெற்றி பெற்ற மாதிரிதான் இருந்தது. எங்களில் ஒருவனுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். “அடுத்தது ஒனக்குடா, இதே மாதிரி வருவோம்” என்றேன். “எனக்கு வேணாண்டா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தூக்கம் வந்திருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் பாட்டியிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டது வேறு. “பொறந்தநாளுன்னா நீதானே நாலு பேருக்குக் குடுக்கணும்? ஒனக்கு எதுக்குக் கடக்காரன் குடுக்குறான்?”

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் பாட்டி சொன்னதுதான் பழைய வழக்கம். தொல்காப்பியத்தின் புறத்திணையியல், அரசனின் பிறந்தநாள் விழாவைப் பெருமங்கலம் என்று பாடாண் திணையில் வைக்கிறது. அன்றைக்கு அரசன் பகையை ஒதுக்கிவிட்டு நிற்க வேண்டும். பாடி வருகிறவனுக்குக் கொடை. பிறந்தவன் கொடுப்பான், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ராஜராஜ சோழனின் நட்சத்திரமான சதயத்துக்கு ஐப்பசியில் தஞ்சையில் இன்றும் விழா எடுக்கிறார்கள். ராஜராஜன் எந்தத் தேதியில் பிறந்தான் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. நட்சத்திரம் போதுமானதாக இருந்தது.

அரசர்களை விடுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் நினைவிருக்கும்: பிறந்தநாளன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு மிட்டாய்ப் பொட்டலத்தோடு வரிசை வரிசையாகப் போவோம். பிடித்த டீச்சருக்கு மட்டும் இரண்டு. பெரியவனானதும் அது ‘பெலஞ்சா’ ஆனது. மலாய்ச் சொல்தான், ஆனால் இப்போது எங்கள் தமிழில் அதற்கு வேறு சொல் கிடையாது. பிறந்தவன் பெலஞ்சா செய்ய வேண்டும். கடைக்காரர்கள் தலைகீழாக்கியது இதைத்தான்.

“சரி பாட்டி, ஒங்களுக்கு எப்பப் பொறந்தநாளு?”

“கார்த்திக மாசம், ரோகிணி.”

“தேதி?”

“அது ஐசில இருக்கும், பாத்துக்க.”

பாட்டியின் ஐசியை எடுத்துப் பார்த்தேன். எண் 400101-01 என்று தொடங்குகிறது. நம் நாட்டு ஐசியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவே ஒரு சிறு வாழ்க்கை வரலாறு. முதல் ஆறு இலக்கமும் பிறந்த வருஷம், மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், 01 என்றால் ஜொகூர். ஆக பாட்டி 1940 ஜனவரி 1. அது கார்த்திகை இல்லை, மார்கழி. பாட்டிக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அம்மாவிடம் விசாரித்தபோது அவர்களுக்கும் ஜனவரி ஒன்றுதான் என்றார். மூன்று பேருக்கும் ஒரே நாள், வருஷம்தான் வேறு.

பாட்டி பிறந்தது மெர்சிங்கிலிருந்து ஜெமாலுவாங் போகிற சடக்கில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்போது யாரும் தோட்டம் என்று சொல்லமாட்டார்களாம், தீம்பார்தான். பாட்டியின் அப்பா கங்காணியோடு வந்தவர். கங்காணிக்கு உரிமச்சீட்டு உண்டு. 1907இல் அமைந்த குடியேற்றக் குழு தோட்டங்களிடமிருந்து வசூலித்துக் கப்பல் செலவைக் கொடுத்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள், அங்கிருந்து கப்பல். எல்லா இடத்திலும் பதிவேடு இருந்தது. பெயர், அப்பன் பெயர், ஊர், சாதி, வயது. அந்த வயதும் பார்த்துச் சொல்கிற வயதுதான். தோட்டத்துக்கு வந்த பிறகு விடியற்காலைப் பெரட்டில் கிராணி பேர் கூப்பிடுவார், செக்ரோலில் குறிப்பார். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி, பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. ஒருவன் எந்த நாளில் பிறந்தான் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பால்மரம் வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டானா என்பதுதான் கேள்வி.

1923ஆம் வருஷத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கூடமும் பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகையும் வேண்டுமென்றது. ஆயாக் கொட்டகையில் தொட்டில் கட்டிப் போட்டிருந்த பிள்ளைகளுக்குப் பெயர் இருந்தது, நட்சத்திரம் இருந்தது. தேதி இருந்த பிள்ளைகள், யாராவது கிராணியிடம் போய்ச் சொன்ன பிள்ளைகள். பிள்ளை பிறந்ததும் நேரத்தைப் பார்த்துப் பூசாரியிடம் ஓடுவார்கள், ஆபீசுக்கு ஓடமாட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. சாமான் கடைச் சீனத் தௌக்கே வருஷா வருஷம் சும்மா கொடுக்கும் நாள்காட்டியில்தான் பெரியம்மா பிறந்ததைக் கரித்துண்டால் வட்டம் போட்டு வைத்தார்களாம். அடுத்த வருஷம் புது நாள்காட்டி வந்தது. பழையதை அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டார்கள். கடைக்காரன் இலவசமாகக் கொடுத்ததற்கும் பிறந்தநாளுக்கும் எங்கள் குடும்பத்தில் இருந்த முதல் தொடர்பு அது.

பாட்டி பிறந்த வருஷத்துக்கு ஒரே அடையாளம் சண்டை. “ஜப்பான்காரன் வந்தப்ப நான் நடை பழகிட்டு இருந்தேனாம். தூக்கிட்டுக் காட்டுக்கு ஓடுனாங்க.” மெர்சிங் கடற்கரையில் ஆஸ்திரேலியப் படை முள்கம்பி கட்டிக் கண்ணிவெடி புதைத்துக் காத்திருந்தது. ஜப்பானியர்கள் கடலிலிருந்து நேராக மெர்சிங்கில் இறங்கவில்லை. வடக்கே எண்டாவ் பக்கமாக வந்தார்கள். 1942 ஜனவரி 26ஆம் தேதி இரவு, ஜெமாலுவாங் போகும் வழியில் நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். போர் வரலாற்று நூல்களில் அந்தத் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, எத்தனையாவது பட்டாளம் என்பதும் இருக்கிறது. அதே சடக்கில் நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்கேயும் இல்லை. நடை பழகுகிற வயது என்றால் ஒன்றோ ஒன்றேகாலோ. அப்படியானால் 1940 கார்த்திகை. கொஞ்சம் தாமதமாக நடந்திருந்தால் 1939 கார்த்திகை. நிலா ஏறக்குறைய 27 நாளில் 27 நட்சத்திரத்தையும் சுற்றிவிடும், அதனால் ஒரு தமிழ் மாதத்தில் ரோகிணி ஒரு தடவை வரும், எப்போதாவது இரண்டு தடவை. பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாட்டியின் உண்மையான பிறந்தநாளை இரண்டு மூன்று தேதிகளுக்குள் கொண்டுவந்துவிடலாம். அரசாங்கத்தின் தேதியைவிடப் பாட்டியின் நட்சத்திரம் துல்லியமானது. ஆனால் எந்தக் கடையின் செயலியிலும் நட்சத்திரம் நிரப்ப இடமில்லை.

ஜனவரி ஒன்று வந்தது அவசரகாலத்தில். 1948 ஜூன் 18இல் மலாயாவில் அவசரகாலம் அறிவித்தார்கள். அந்த வருஷமே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கைநாட்டும் வைத்து அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. காட்டுக்குள் இருப்பவன் யார், வெளியே இருப்பவன் யார் என்று பிரித்தெடுப்பதற்காக. கம்யூனிஸ்டுகளுக்கும் அது தெரிந்திருந்தது. தோட்டங்களுக்கு வந்து அட்டைகளைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். ஒரு பக்கம் அட்டை இல்லையென்றால் பட்டாளம் பிடிக்கும், இன்னொரு பக்கம் அட்டை இருந்தால் காட்டிலிருந்து வருகிறவன் பிடுங்குவான். 1950க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டம். தோட்டத்து லயங்களைச் சேர்த்து வைத்துச் சுற்றிலும் கம்பிவேலி போட்டார்கள். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. தகர டப்பா உணவை விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும், காட்டுக்குக் கடத்திச் சேர்த்துவைக்க முடியாதபடி. வீட்டில் எத்தனை பேர், யாரிடம் அட்டை இருக்கிறது, அதைப் பொறுத்து அரிசி. இந்த நாட்டில் அட்டையைக் காட்டிச் சாப்பாடு வாங்கும் பழக்கம் ஐஸ்கிரீம் கடையில் தொடங்கவில்லை.

பாட்டி மேசைக்கு முன்னால் போய் நின்றது 1952ஆக இருக்க வேண்டும். அதை அவர் சொல்கிறபோது சிரித்துக்கொண்டேதான் சொல்வார். “கிராணி கேட்டாரு, ஒனக்கு எத்தன வயசுன்னு. எங்கப்பா என் தலயில கைய வச்சு, ‘இவ்ளோ ஒசரம் இருக்குங்கய்யா’ன்னாரு. பல்லப் பாத்தாரு. எழுதிட்டாரு.” தங்கைகள் இரண்டு பேரும் அடுத்தடுத்த வருஷங்களில் அதே மாதிரி போய் நின்றார்கள். நாள் தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று. இது எங்கள் குடும்பத்துக் கூத்து மட்டும் இல்லை. நாள் தெரியாமல் பதிவானவர்கள் இருக்கும் எந்த நாட்டிலும் அகதிகளும் கிராமத்து முதியவர்களும் ஜனவரி ஒன்றில் கூட்டங்கூட்டமாகப் பிறந்திருப்பார்கள்.

அப்பா கையை வைத்துக் காட்டிய உயரத்தால் பாட்டி தப்பித்தார். அதை நான் வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்காதவர்களும் இருந்தார்கள். 1957இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமை கேட்டுப் பதிய வேண்டியிருந்தது. பலர் பதிந்தார்கள், பலர் ‘எப்படியும் ஊருக்குத் திரும்பிவிடுவோம்’ என்று விட்டுவிட்டார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமானது. சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். போகாமல் இருந்தவர்கள் கையில் சிவப்பு அட்டை, சிலர் கையில் அதுவும் இல்லை. நீலம் என்றால் குடிமகன், சிவப்பு என்றால் நிரந்தரவாசி. அட்டையின் நிறத்தை வைத்து ஆளைச் சொல்லும் வழக்கம் எங்கள் பேச்சில் இன்னும் போகவில்லை: “அந்தக் கெழவி சிவப்பு ஐசி.”

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததைவிட அந்தப் பேருந்து நண்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். அவனுடைய பாட்டி ஒரு தோட்டத்தில் பிள்ளை பெற்றார், யாரும் பதியவில்லை. அந்தப் பிள்ளைதான் அவன் அம்மா. அவருக்குச் ‘சூரத் பெரானாக்’ இல்லை, அதனால் ஐசி இல்லை. அவன் அப்பாவுக்கு நீல ஐசி. கோயிலில் தாலி கட்டினார்கள், ஊரே சாப்பிட்டது. ஆனால் 1976இல் இயற்றப்பட்டு 1982இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிந்தால்தான் ஏற்கும். அம்மாவிடம் ஐசி இல்லாமல் எப்படிப் பதிவது? பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை இறங்காது, அம்மாவின் நிலைதான். அவன் பிறந்தது மெர்சிங் ஆஸ்பத்திரியில். தேதி, மணி, எடை எல்லாம் எழுதிய தாள் வீட்டில் இருக்கிறது. எங்கள் பாட்டிக்கு அட்டை இருந்தது, தேதி இல்லை. இவனுக்குத் தேதி இருக்கிறது, அட்டை இல்லை.

பள்ளியில் எங்களோடுதான் படித்தான். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் அப்பா சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஆபீசுக்கும் பள்ளிக்கும் அலைவார். 2011 பிப்ரவரியில் ‘மைடாப்தார்’ என்று ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிய நாடு முழுக்க ஓர் இயக்கம் நடந்தது. அவர்களும் போனார்கள். வரிசையில் நின்றார்கள், பாரம் நிரப்பினார்கள், பாட்டி பிரசவித்ததைப் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்வியோடு திரும்பினார்கள். பிரசவம் பார்த்த ஆயா செத்து முப்பது வருஷம். தோட்டமே இல்லை, செம்பனையாகிவிட்டது.

இலவசக் கேக்குக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். 1990இல் அடையாள எண்ணைப் பன்னிரண்டு இலக்கமாக்கி, பிறந்த தேதியை முன்னால் வைத்தார்கள். 2001 செப்டம்பரில் அதில் சில்லு பொருத்தி மைகாட் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு மலேசியாவில் ஒருவருடைய பிறந்தநாள் அவருடைய பெயரைப் போல வெளிப்படையானது. கல்லாவில் இருக்கும் பிள்ளை எந்தக் கணினியையும் தட்ட வேண்டாம். அட்டையின் முதல் ஆறு இலக்கத்தைப் பார்த்தால் முடிந்தது. பிறந்தநாள் சலுகை கொடுக்க இதைவிட வசதியான நாடு எது என்று தெரியவில்லை. அரசாங்கம் ஆளைப் பிரித்தெடுக்க உண்டாக்கிய அட்டை, கடைக்காரருக்குச் செலவில்லாத ஏற்பாடாகக் கைக்கு வந்தது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1963இல் போர்ட்லாந்து நகரில் தொடங்கிய ஃபேரல்ஸ் என்ற ஐஸ்கிரீம் கடைத் தொடர், பிறந்தநாளுக்கு இலவச ஐஸ்கிரீம் கொடுப்பதில் பெயர் பெற்றது. பிள்ளைகள் பெயர், விலாசம், பிறந்த தேதி எழுதிக் கொடுப்பார்கள். ஐஸ்கிரீமுக்கு ஆசைப்பட்ட சிறுவர்கள் இல்லாத ஒருவனின் பெயரையும் எழுதிப் போட்டிருந்தார்கள். வருஷங்கள் ஓடின. 1984இல் அந்த இல்லாத பையனுக்கு அமெரிக்க அரசிடமிருந்து கடிதம் வந்தது: உனக்குப் பதினெட்டு வயதாகிறது, ராணுவப் பதிவுக்குப் பெயர் கொடு. கடையின் பிறந்தநாள் பட்டியல் தரகர் வழியாக விற்கப்பட்டு, ஆள் தேடும் துறையின் கைக்குப் போயிருந்தது. விஷயம் வெளியே வந்து பெரிய சத்தமானது. அங்கே இல்லாதவனை அரசு தேடிக்கொண்டு வந்தது. இங்கே என் நண்பன் இருபது வருஷமாக ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். (நம்மூரில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நாம் எல்லோரும் எத்தனை கடைகளில் எழுதிக் கொடுத்திருப்போம்!)

போன ஜனவரி ஒன்றாம் தேதி பாட்டியை ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப் போனேன். செயலியில் அவர் பெயரில் நானே பதிந்து வைத்திருந்தேன். கேக் கடையின் கல்லாவில் ஒரு மலாய்ப் பெண். ஐசியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இன்றைக்கு நீங்கள் மூன்றாவது பாட்டி என்றாள். முன்பு வந்த இருவரில் ஒருவர் சீனப் பாட்டியாம், இன்னொருவர் எங்களவர். கடை ஆட்கள் நாலு பேர் வந்து கைதட்டிப் பாடினார்கள். பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பாடி முடிக்கும்வரை கையைக் கூப்பியபடியே இருந்தார். கேக்கில் பாதியைத்தான் சாப்பிட்டார். மீதியை டிஷ்யூவில் மடித்துப் பைக்குள் வைத்தார். கார்த்திகை ரோகிணிக்கு அவர் வழக்கம்போலக் கோயிலில் அர்ச்சனை செய்து சுண்டல் கொடுத்துவிட்டிருந்தார். இது உபரி.

ஊருக்கு வந்ததும் அந்தப் பாதிக் கேக் என் நண்பன் வீட்டுக்குத்தான் போனது. அவன் அம்மாவும் எங்கள் பாட்டியும் பழக்கம். கேக்கைத் தின்றுகொண்டே அவன் கைப்பேசியைக் காட்டினான். எண் அவன் அப்பா பெயரில் வாங்கியது, ஐசி இல்லாமல் சிம் கிடைக்காது. எப்போதோ விளையாட்டாக ஏதோ ஒரு கடையில் தன் பிறந்த தேதியைப் போட்டுப் பதிந்திருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் தவறாமல் குறுஞ்செய்தி வருகிறது. அழிக்காமல் வைத்திருக்கிறான், மொத்தம் ஆறு. பெயர் போட்டு, பலூன் படம் போட்டு, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், உங்களுக்காக ஓர் இலவசப் பானம் காத்திருக்கிறது என்று. ஆறிலும் கடைசி வரி ஒன்றுதான்.

“படி” என்றான். படிக்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.